டெல்டா சிறுகதைகளில் மரபு, அடையாளம், குறியீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு சிறுகதையை எடுத்துவைத்துப் பேசுகிறோம். தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், கதை எழுதிப் பார்ப்பவர்கள், பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று பலரும் வருவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் சேர்த்து இங்கே போட்டிருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கதைகள்தான். சில இடங்களில் முடிவைச் சொல்லாமல் பேச முடியவில்லை. படிக்காதவர்கள் கதையைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.

கதையைப் படிச்சமா, ரசிச்சமான்னு போகாம எதுக்கு இவ்வளவு அலசணும்?

அலசியே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. படித்து முடித்ததும் மனசு நிறைந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் சில கதைகள் மூடிய பிறகும் விடாது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கு அழைத்துப் போகப்படும் ஒரு சிறுமிக்கு, ரயிலில் கூட வந்த சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் தொண்டை அடைக்காதவர்கள் குறைவு. ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும்.

அந்தப் பழம் அதுவரை அவன் கையில் எப்படி இருந்தது, அந்தச் சிறுமியைப் பற்றி நமக்கு யார் வாயால் என்னென்ன தெரியவந்தது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறோம் அல்லவா, அதுதான் அலசல். இதனால் ரசனை குறைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு பொருள் குறியீடா, இல்ல சும்மா வந்து போகுதான்னு எப்படித் தெரியும்?

அது முதலில் பொருளாகவே இருக்கிறதா என்று பாருங்கள். தி. ஜானகிராமனின் 'பாயசம்' கதையை எடுத்துக்கொள்வோம். அண்ணன் மகன் நன்றாக வாழ்ந்து பெருகியதைப் பொறுக்கமாட்டாத ஒரு பெரியவர், அவன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோருக்குமாகக் காய்ச்சி வைத்த பாயசப் பாத்திரத்தைச் சாய்த்துவிடுகிறார். எலி கிடந்தது என்று காரணம் சொல்கிறார். இங்கே பாயசம் பாயசம்தான். சூடாக இருக்கிறது, ஊருக்கே போதுமான அளவு இருக்கிறது, பந்திக்குக் காத்திருக்கிறது, தரையில் போனால் திரும்ப அள்ள முடியாது. இந்தக் கனத்தை உணராமல் 'பாயசம் என்பது மங்கலத்தின் சின்னம்' என்று ஒரே தாவலில் தாண்டிவிட்டால், அவர் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு உறைக்காது.

அடுத்து, அந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள். பாயசத்துக்குப் பதில் ரசம் கவிழ்ந்திருந்தால்? சங்கடம்தான், ஆனால் இன்னொரு அண்டா வைத்துவிடலாம், ஊரும் மறந்துவிடும். பாயசம் என்பது பிறத்தியார் சந்தோஷத்தை நம் நாக்கால் ஏற்றுக்கொள்ளும் பண்டம். அந்தச் சந்தோஷத்தை விழுங்க முடியாதவர் கையில்தான் கதை அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. எலியையும் விட்டுவிடாதீர்கள். அவர் சொல்வது பொய். அப்படியென்றால் பாயசத்தைக் கெடுத்த அந்தப் பிராணி எங்கே இருந்தது? கதை சொல்வதில்லை, படிக்கிறவர் தானாகவே கேட்டுக்கொள்கிறார்.

பொருள் மறுபடி வருகிறதா, கை மாறுகிறதா, கதை திரும்பும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். திண்ணையில் சொம்பு இருந்தால், யாருக்கோ தாகம் எடுத்தது என்பது மட்டும்கூடக் காரணமாக இருக்கலாம்.

உவமை, படிமம், குறியீடு... எது எதுன்னு குழப்பமா இருக்கே?

வரையறை பாடநூலில் இருக்கிறது, அதை நான் திரும்ப எழுதவில்லை. படிக்கும்போது ஒரு சின்னச் சோதனை போதும். 'போல' என்று சொல்லி ஒன்றை இன்னொன்றோடு வைத்தால் உவமை. கண்ணுக்குள் ஒரு காட்சி நின்றுவிட்டால் படிமம். அந்த வாக்கியத்தைத் தாண்டியும் கதை முழுக்க ஒரு பொருள் வேலை செய்துகொண்டே இருந்தால் குறியீடு. ஒன்றே மூன்றாகவும் இருக்கலாம். பெயர் தவறினால் மார்க் வேண்டுமானால் போகும், கதை ஒன்றும் ஆகாது.

காவிரி வந்தாலே அது குறியீடுதானே சார்? தாய், வாழ்க்கை, காலம் அப்படி?

எனக்கு அலுப்புத் தட்டும் பதில் இது. ஆறு எந்த மாதத்தில் ஓடுகிறது என்பதைக்கூடப் பார்க்காமல் தாய் என்று எழுதிவிடுகிறார்கள். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு டெல்டாவின் காலண்டரே வேறு. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. சித்திரையில் நடக்கும் கதையில் ஆறு என்றால் மணல். நடந்தே அக்கரைக்குப் போகலாம், ஊற்றுத் தோண்டிக் குடிக்கலாம். ஆனியில் அதே இடத்தில் சருகும் நுரையுமாகப் புதுத்தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் அதன் முன்னால் ஓடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் கரை தாங்குமா என்று ராத்திரி லாந்தரோடு நிற்கிறார்கள். மணலும் புதுத்தண்ணீரும் வெள்ளமும் ஒரே குறியீடு ஆவது எப்படி?

இன்னொன்று, கதை எந்த மடையில் நடக்கிறது? கல்லணைக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்காரருக்கும் ஆறு ஒன்றல்ல. மேலே இருப்பவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு யோசிப்பார். கீழே இருப்பவர் தண்ணீர் வந்துவிட்டதா என்று மதகைப் பார்த்து நிற்பார். நாற்றங்காலில் பயிர் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஆறு காலமும் இல்லை, தாயும் இல்லை. மேல்மடைக்காரன் அடைத்துவைத்திருக்கும் தண்ணீர். கதாபாத்திரத்துக்கு ஆறு என்னவாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகு உங்கள் விளக்கத்தைத் தொடங்குங்கள்.

ஆடிப்பெருக்கு வரும் கதைகளுக்கும் இதே விதிதான். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி, பிள்ளைகள் இழுத்துவரும் சப்பரத்தட்டி என்று அடுக்கிவிட்டால் மரபு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் படித்துறையில் ஷவர் போட்டு, போர் தண்ணீரில் ஆடிப்பெருக்கை முடித்திருக்கிறார்கள். ஒரு கதை அந்த ஷவரைக் காட்டினால் அங்கே நின்று யோசியுங்கள். சடங்கு ஒரு பிசகும் இல்லாமல் நடக்கிறது. அது யாரைக் கும்பிடப் பிறந்ததோ அந்த ஆறு வரவில்லை.

மரபுன்னா கோயில், சடங்கு, அக்ரஹாரம், இதுதானா?

டெல்டாவில் முதலில் புகழ்பெற்ற சிறுகதைகள் பலவும் அந்தத் தெருவிலிருந்து எழுதப்பட்டவை. 1930களில் வந்த 'மணிக்கொடி' என்ற இலக்கியப் பத்திரிகையின் காலத்தில் எழுதிய கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி இருவரும் கும்பகோணத்துக்காரர்கள். அதனால் நமக்கு மரபு என்றதும் கூடமும் ஊஞ்சலும் கண்ணில் வருகின்றன. ஆனால் தறியில் உட்காருவதும் மரபுதான். கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வாழ்க்கையை எம்.வி. வெங்கட்ராம் உள்ளேயிருந்து எழுதினார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரம் கடைந்து நாதஸ்வரம் செய்வதும் மரபு. நாகூர் கந்தூரி, ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் ஏறும் கொடி, நடவுப் பாட்டு, சாவு வீட்டுப் பறை எல்லாமே மரபு.

களத்துமேட்டில் நெல் அளக்கும் மரக்காலை நினைத்துப் பாருங்கள். அளப்பவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார். அது ஒரு மரபு, கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த மரக்கால் யார் கையில் இருக்கிறது, துணியை விரித்துக்கொண்டு நிற்பது யார், தலை தட்டி அளக்கிறார்களா கும்பாரமாக அளக்கிறார்களா? தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை 1952இல் தனியாகப் போட வேண்டிவந்த மாவட்டம் இது. ஒரே மரக்கால், ஒருவருக்குப் பாட்டன் சொத்து, இன்னொருவருக்குப் பாட்டன் காலத்துக் கடன். கதையில் மரபு வரும் இடத்தில் எல்லாம் 'யாருடைய மரபு, செலவு யாருடையது' என்று கேட்டுப் பழகினால் பாதி அலசல் முடிந்தது.

மரபு எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுகும் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம். அதற்குள் வந்து சேர முடியாத கால் ஊனமுற்ற ஒருவனுக்காக, கார்த்திகை முதல் தேதியும் அதே பலன் உண்டு என்று முடவன் முழுக்கு வைத்திருக்கிறார்கள். விதியைப் போட்ட மரபே பிந்தி வந்தவனுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. கதையில் 'மீறல்' என்று நாம் அவசரப்பட்டுப் பெயர் வைப்பது சில நேரம் இப்படி உள்ளேயே இருக்கும் இடம்தான். 'கோபுர விளக்கு' என்ற தி. ஜானகிராமன் கதையில், ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண் இறந்த அன்று கோபுரத்து விளக்கு எரியவில்லை. தெருவில் பிணம் கிடந்தால் கோயில் காத்திருக்கும் என்பது பழைய வழக்கம். கதை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மரியாதையை, அது கிடைக்கவே கிடைக்காது என்று ஊர் முடிவு கட்டிய ஒருத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

உள்ளுறை, இறைச்சி எல்லாம் சங்கப் பாட்டுக்குத்தானே? சிறுகதைக்கு அது எதுக்கு?

தேவை என்பேன். நிலத்தில் இருக்கும் பொருளைச் சொல்லி, மனசில் இருப்பதை மறைமுகமாக உணர்த்தும் முறைகள்தான் இரண்டும். குறியீடு ஏதோ வெளியிலிருந்து இறக்குமதியான சமாசாரம் என்ற பயம் இதனால் போய்விடும். தொல்காப்பியம் சொல்வது எளிமையானது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அங்கே இருக்கும் மரம், மீன், பறவை, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள்; மனிதர்களுக்குள் நடப்பது உரிப்பொருள். நம் மருத நிலத்துக்கு வைத்திருக்கும் உரிப்பொருள் ஊடல். சோற்றுக்குக் கவலையில்லாத ஊரில் சண்டை வீட்டுக்குள் வரும் என்று தெரிந்தே வைத்தார்கள் போலிருக்கிறது. (இது என் விளையாட்டு விளக்கம், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.)

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தைப் பொய்கையில் இருக்கும் வாளை மீன் கவ்விக்கொள்கிறது. தலைவன் அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன். இதைச் சொல்பவள் பரத்தை. எங்கள் வீட்டில் வந்து பெரிய பேச்செல்லாம் பேசியவன், தன் வீட்டில் பிள்ளையைப் பெற்றவளுக்கு முன்னால் கண்ணாடிப் பாவை மாதிரி அவள் தூக்கினால் தானும் கையையும் காலையும் தூக்குகிறான் என்று முடிக்கிறாள். 'நான் அவனைத் தேடிப் போகவில்லை' என்று அவள் வாயால் சொல்லவில்லை. மீன் மரம் ஏறவில்லை, பழம்தான் விழுந்தது. அவ்வளவுதான் வாதம்.

அந்த மீனும் மாம்பழமும் அந்த ஊரில் நிஜமாகவே இருப்பவை, கருத்துக்காகக் கொண்டுவந்து ஒட்டியவை இல்லை. கல்யாண வீட்டில் பாயசம் இருந்தே ஆகவேண்டும் என்பது போலத்தான். சிறுகதைக்காரர்கள் தொல்காப்பியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நிலத்தில் கிடப்பதை எடுத்து மனசைச் சொல்வது நம் காதுக்குப் பழகிப்போன முறை. அதனால் கதையில் ஒரு பொருள் இடறினால், 'இது இந்த ஊரில் எங்கே கிடைக்கும்?' என்று கேளுங்கள். ராஜா, ரோஜா, கழுகு, கண்ணாடிக் கோப்பை என்று எந்த ஊரிலும் இல்லாத சாமான்கள் வரிசையாக வந்தால், எழுதியவர் குறியீட்டை முதலில் முடிவு செய்துவிட்டுக் கதையைப் பிறகு தேடினார் என்று சந்தேகப்படலாம்.

அடையாளம்னு சொல்றப்பல்லாம் சாதியைத்தான் சொல்றீங்களா?

சாதி இல்லாமல் டெல்டாவில் அடையாளம் பேச முடியாது, ஆனால் அதோடு நிற்பதும் இல்லை. வீட்டின் அமைப்பையே பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை. ஒரு ஆள் எதுவரை வருகிறார், எந்த வாசல் வழியாக வருகிறார், உட்காருகிறாரா நிற்கிறாரா, தண்ணீர் எதில் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அடுத்தது. பத்து வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை 'வாடா' என்கிறான், அவர் 'சின்னய்யா' என்கிறார். அதற்கு மேல் ஆசிரியர் விளக்கவேண்டியதில்லை.

ஒரு ஆளுக்குள்ளேயே இரண்டு மூன்று அடையாளம் இருப்பதுதான் கதைக்குத் தீனி. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டில் ஒரு மொழி பேசுவார், கடைத்தெருவில் தமிழ் பேசுவார். நாகூர்க்காரர் பலருக்கு வீடு இங்கே, பிழைப்பு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். ஊரைவிட்டுப் போய்ப் படித்துத் திரும்பிவந்த பண்ணையாள் மகன், திண்ணைக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கினால், அந்த நொடிதான் கதை. பத்தி பத்தியாகத் தன்னைப் பற்றி யோசிக்கும் பாத்திரத்தைவிடத் தயங்கும் கால் அதிகம் சொல்லும்.

கதையில சாதிப் பேரே இல்ல. அப்ப சாதி இல்லைன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன வாசல், திண்ணை, கூப்பிடும் முறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெயரே சொல்லாமல் இருக்க முடிகிற வசதி பெரும்பாலும் மேல்தட்டுக்குத்தான் கிடைக்கிறது. 'ஒரு மனிதர்' என்று தொடங்கும் கதையில் அந்த மனிதருக்குப் பூணூல் இருப்பது நாலாவது பக்கத்தில் போகிறபோக்கில் தெரியும். கூலிக்காரர் வந்தால் முதல் வரியிலேயே தெருப் பெயரோடு வருவார்.

பொம்பளை மரபை மீறினா முற்போக்குக் கதை, அடங்கிப் போனா பிற்போக்குக் கதை. சரியா?

இப்படி இரண்டு டப்பா வைத்துக்கொண்டால் கு.ப. ராஜகோபாலனின் நல்ல கதைகள் எதிலும் அடங்காது. 1944இல், நாற்பத்திச் சொச்சம் வயதில் போய்விட்டார். இருந்த கொஞ்ச காலத்தில் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதினார். 'ஆற்றாமை' கதையில் கணவன் தொலைவில் இருக்க, தனியாக இருக்கிறாள் ஒருத்தி. பக்கத்தில் குடியிருக்கும் இளம் தம்பதியின் நெருக்கம் அவளுக்குத் தாங்கவில்லை. இரவில் அவர்களைத் தேடி வந்த ஒருவரைக் கதவைத் தட்டச் சொல்லிவிடுகிறாள்.

அவள் எந்த மரபையும் மீறவில்லை, அடங்கியும் போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வார்த்தை சொன்னாள், அதனால் ஒரு கதவு தட்டப்பட்டது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது தனக்கு மறுக்கப்பட்டது என்பதை அவள் பேச்சில் சொல்லிக்கொள்ள வழியில்லை. கதை முற்போக்கா பிற்போக்கா என்று கேட்பதைவிட, அவளுக்கு இருந்த வழிகள் எத்தனை, எதை எடுத்தாள், எடுத்த பிறகு என்ன ஆனாள் என்று கேளுங்கள். 'விடியுமா?' கதையில் கணவன் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வந்து, உடன்பிறந்தவனோடு இரவு ரயிலில் போகும் குஞ்சம்மாளுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். தாலி, குங்குமம், எதிரே வரும் சகுனம் எல்லாம் அந்த ரயில் பெட்டிக்குள் அவளோடு ஏறிவிடுகின்றன.

அக்ரஹாரத்தை அவ்வளவு அழகா எழுதியிருக்காரு. அப்ப அந்த வாழ்க்கையை ஆதரிக்கிறாருன்னுதானே அர்த்தம்?

அழகாக எழுதுவதும் ஆதரிப்பதும் ஒன்றாகலாம், ஆகாமலும் போகலாம். தி. ஜானகிராமனின் 'கண்டாமணி' கதையைப் பாருங்கள். சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒருவர், தான் பரிமாறிய சாப்பாட்டில் பாம்பு விழுந்திருந்தது பிறகுதான் தெரிந்து, விஷயம் வெளியே வராமல் காப்பாற்றினால் கோயிலுக்கு மணி வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்கிறார். சாப்பிட்டவர் இறந்துபோகிறார். நேர்த்திக்கடன் நிறைவேறுகிறது. ஊர் முழுக்க மெய்மறந்து கேட்கும் அந்த மணியோசை, போட்டவருக்கு மட்டும் நரகமாகிறது. மணியின் நாதத்தை எவ்வளவு அழகாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்கு அந்த ஆள் துடிப்பது கூடுகிறது. இங்கே அழகு கதைக்குத் தேவையான வேலையைச் செய்கிறது.

வேறு சில கதைகளில் வெற்றிலைச் சீவலும் டிகிரி காபியும் சும்மா மணக்கும். யாரும் அதற்கு விலை கொடுத்திருக்கமாட்டார்கள். அங்கே உங்கள் குற்றச்சாட்டு நிற்கும், தாராளமாகச் சொல்லலாம். பெரிய எழுத்தாளர் என்று தயங்கவேண்டாம்.

கீழ்வெண்மணி மாதிரி நிஜமா நடந்தது கதையில வந்தா, அதையும் குறியீடாப் படிக்கலாமா?

இந்தக் கேள்விகளில் எனக்குக் கஷ்டமானது இதுதான். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி கிராமத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குடிசையை எடுத்துக்கொண்டு 'நெருப்பு என்பது மாற்றத்தின் குறியீடு' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அங்கே நெருப்பு நெருப்புதான். யார் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இதில் எழுத்தாளர்களே பட்ட பாடு உண்டு. சிறுகதை இல்லை, நாவல்தான், இருந்தாலும் சொல்கிறேன். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் நிலக்கிழாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவு ஒரு காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. கூலியும் சாதியும் நிலமும் சேர்ந்த ஒரு கொடுமையை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாக மாற்றிவிட்டார் என்று இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதியபோது வயலிலிருந்தும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்தும் அதே சம்பவத்துக்கு வந்தார்.

ஆக, படிக்கக் கூடாது என்று இல்லை. உங்கள் குறியீட்டு விளக்கம் நடந்ததற்கான காரணத்தை மறைக்கிறதா, துலக்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கஜா புயலில் சாய்ந்த தென்னை, சுனாமியில் ஒதுங்கிய படகு என்று பிறகு வந்த கதைகளுக்கும் இது பொருந்தும்.

எழுத்தாளர் எந்த ஊரு, எந்தச் சாதின்னு தெரிஞ்சாத்தான் கதை புரியுமா?

தெரிந்தால் சில கதவு திறக்கும், தெரியாவிட்டால் கதை பூட்டிக்கொள்ளாது. நான் சொல்லும் வரிசை: முதலில் கதை, அப்புறம் ஊர், கடைசியில் ஆசிரியர். தலைகீழாகப் போனால் கதையில் இருப்பதைப் பார்க்கமாட்டோம், நாம் எதிர்பார்த்ததையே பார்ப்போம்.

எழுதினவரே 'நான் அப்படி நினைச்சு எழுதல'ன்னு சொல்லிட்டா?

மரியாதையோடு கேட்டுக்கொண்டு, கதையைத் திரும்பப் படியுங்கள். அவர் நினைக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். பாயசத்துக்குக் கல்யாண வீட்டில் என்ன இடம் என்பதை எந்த எழுத்தாளரும் தனியாக நினைத்துத் தீர்மானிக்கவேண்டியதில்லை. ஊர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. அவர் மறுத்தாலும் உங்கள் விளக்கத்துக்கு வரிகளில் ஆதாரம் இருந்தால் நிற்கும். ஆதாரம் இல்லையென்றால் அவரே வந்து ஆமோதித்தாலும் நிற்காது.

பரீட்சையில இதையெல்லாம் எப்படி எழுதுறது? நேரம் இல்லையே.

'இக்கதையில் பாயசம் மங்கலத்தின் குறியீடாக அமைந்து மரபின் சிதைவைச் சித்திரிக்கிறது.' இந்த மாதிரி வாக்கியத்தில் கதையே இல்லை. பாயசத்தை எடுத்துவிட்டுத் தாலி என்று போட்டாலும் வேறு கதைக்குப் பொருந்தும்.

'எல்லோருக்குமாகக் காய்ச்சிய பாயசத்தை யாருக்கும் இல்லாமல் ஆக்குகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் பந்தியின் சுத்தத்தைக் காப்பதாக இருக்கிறது.' இப்படி எழுதினால் பொருள், செய்தவர், காரணம் மூன்றும் வந்துவிடுகின்றன. மரபும் வந்துவிடுகிறது, ஏனென்றால் பொறாமை வெளியே வருவதற்குச் சுத்தம் என்ற மரபான சாக்கைத்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வாக்கியம் இப்படி எழுதினாலே திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். நேரம் மிச்சமிருந்தால் அதே பொருள் கதையில் வேறு எங்கே வருகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கதைக்கு ரெண்டு பேரு எதிரெதிரா விளக்கம் சொன்னா யாரு சரி?

தி. ஜானகிராமனின் 'செய்தி' கதையில் எங்கள் வட்டத்தில் இந்தச் சண்டை நடந்தது. நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் வாசிப்பைக் கேட்க ஒரு வெளிநாட்டு இசைக்கலைஞர் வருகிறார். 'சாந்தமு லேகா' கீர்த்தனையைக் கேட்டதும் அவர் நிலைகுலைந்துபோகிறார். மொழி தெரியாமலே அதிலிருந்து அமைதியின் செய்தி தனக்குக் கிடைத்துவிட்டது என்கிறார். இசைக்கு எல்லையில்லை, மரபு ஆழமாக இருந்தால் அந்நியனையும் தொடும் என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் வந்து சொன்னால்தான் நம் வித்வானுக்கே தன் வித்தையின் மதிப்பு தெரியவேண்டுமா, இதில் அடையாளத்தின் வலியும் இருக்கிறதே என்றார் இன்னொருவர்.

யார் சொல்வது கதையில் அதிக வரிகளுக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதுதான் வழி. இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் ஆள் கதையில் இருக்கிறார். இசைக்கு மொழி வேண்டாம் என்றால் அவருக்கு அங்கே என்ன வேலை? முதல் விளக்கம் சொன்னவர் இதற்குப் பதில் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே கேட்டவர் நெகிழ்ந்துவிட்டாரே, அதற்கு என்ன சொல்வது? இது இரண்டாமவருக்கு. இருவரும் பதில் வைத்திருந்தால் இரண்டு விளக்கமும் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கூட்டத்தில் முதலாமவர் பதில் சொன்னார், இரண்டாமவர் அடுத்த மாதம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.